குன்னூர் மாடி ஹால் பாலிட்டி கிளாஸ்: 14 ஞாயித்துக்கிழமை போனதுக்கப்புறம் எழுதுறேன்

கோத்தகிரி பக்கம் டான்டீ (அரசு தேயிலைத் தோட்டம்) லைன் வீட்டுல இருந்து ஞாயித்துக்கிழமை காலைல முதல் பஸ் புடிச்சு குன்னூர் போயி, மூணு மணி நேரம் உக்காந்து பாலிட்டி, அதாவது அரசியலமைப்பும் ஆட்சிமுறையும் படிச்சுட்டு மத்தியானம் திரும்பி வர்றது, இதான் 14 வாரமா என் ஞாயித்துக்கிழமை. குரூப் 4 எழுதுறவங்க, குரூப் 2 எழுதுறவங்க நிறைய பேர் இந்த கிளாஸ் எப்படின்னு கேக்குறீங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதிடலாம்னு தோணுச்சு. கிளாஸுக்கு போர்டும் கிடையாது பேரும் கிடையாது, எடுக்குறவங்க ரிட்டயர் ஆன கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர், பேர் போட வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, அதனால டீச்சர்னே எழுதுறேன். மொத்த பேட்சுக்கும் பீஸ் 1,500 ரூபா, ரெண்டு தடவையா கட்டலாம்.

இதுக்கு முன்னாடி போன்ல ஒரு ஆன்லைன் கோர்ஸ் வாங்கி ஒரு வருஷம் பாத்தேன். அதுல பாலிட்டின்னா மனப்பாடம்தான். எந்த ஷரத்து எந்த நம்பர், எந்த அட்டவணைல என்ன, அதுக்கு ஒரு பாட்டு, இதுக்கு ஒரு குறுக்குவழி. பஞ்சாயத்து பத்தின 73வது திருத்தம் 1992ன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன், ஆனா எங்க லைனுக்கு தண்ணி வரலன்னா எங்க போயி மனு குடுக்கணும்னு கேட்டா முழிப்பேன். ரெண்டும் ஒரே பாடம்னே எனக்கு தெரியாது அப்ப.

டீச்சரோட முதல் கிளாஸ் நோட்டை தொறக்கவே விடல. எல்லாரையும் கீழ கூட்டிட்டு போயி குன்னூர் பஸ் ஸ்டாண்ட் முன்னாடி நிக்க வச்சு, "இங்க இருந்து அருவங்காடு வரைக்கும் மனசுக்குள்ள போயிட்டு வாங்க, வழில எத்தனை அரசாங்கம் இருக்குன்னு எண்ணுங்க"ன்னாங்க. நாங்க ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டுன்னு நெனச்சோம். நிக்கிற பஸ்ஸு மாநிலத்தோடது, பஸ் ஸ்டாண்ட் நகராட்சி, எதிர்ல மலை ரயில் ஸ்டேஷன் ஒன்றியத்தோடது, மேல ஏறுற ரோடு தேசிய நெடுஞ்சாலை, கொஞ்ச தூரம் போனா வெலிங்டன், அங்க குப்பை அள்றதும் தெருவிளக்கு போடுறதும் நகராட்சி கிடையாது, ராணுவக் குடியிருப்பு பகுதிய நிர்வாகம் பண்ற கண்டோன்மென்ட் போர்டு. அது பாதுகாப்பு அமைச்சகத்துக்கு கீழ வருது, 2006 கண்டோன்மென்ட் சட்டப்படி நடக்குது, போர்டுக்கு தலைவர் ஒரு ராணுவ அதிகாரி. உள்ளாட்சிங்கிறது மாநிலப் பட்டியல்ல, அதாவது மாநிலம் சட்டம் போடுற விஷயங்களோட பட்டியல்ல இருக்குற விஷயம், ஆனா கண்டோன்மென்ட்டோட உள்ளாட்சி மட்டும் ஒன்றியப் பட்டியல்ல மூணாவது வரிசைல இருக்கு. அதையும் தாண்டுனா அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) பேக்டரி, அதுவும் டெல்லியோடது. ஒரே ரோடு, ஆறு ஏழு கிலோமீட்டர் கூட இருக்காது, அதுக்குள்ள இத்தனை பேர் கையில அதிகாரம் பிரிஞ்சு கெடக்குது. கூட்டாட்சின்னா என்னன்னு அதுக்கப்புறம் யாரும் எனக்கு டெபினிஷன் சொல்ல வேண்டியிருக்கல.

அதே மாதிரிதான் பச்சைத் தேயிலை விலையும். வருஷா வருஷம் சின்ன விவசாயிங்க கிலோவுக்கு கட்டுபடியாகுற விலை வேணும்னு உண்ணாவிரதம் இருக்காங்க, நாம பாத்துட்டுதான இருக்கோம். தேயிலை வாரியம் 1953 சட்டத்துல வந்தது, வணிக அமைச்சகத்துக்கு கீழ இருக்கு. விவசாயிங்க இலை போடுற கூட்டுறவு பேக்டரிங்க இன்கோசர்வ்ங்கிற கூட்டமைப்பு கீழ, கூட்டுறவுங்கிறது மாநிலப் பட்டியல். அப்ப விலைக்கு யாரை கேக்குறது? ரெண்டு ஆபீஸுமே குன்னூர்லதான் இருக்கு, ஆனா ஒண்ணு டெல்லிக்கு பதில் சொல்லுது இன்னொண்ணு சென்னைக்கு பதில் சொல்லுது. இந்த பட்டியலெல்லாம் இருக்குற ஏழாவது அட்டவணைய இப்படி ஒரு உதாரணத்தோட படிச்சா மறக்கவே மறக்காது. காடும் கல்வியும் 1976ல 42வது திருத்தத்துல மாநிலப் பட்டியல்ல இருந்து பொதுப் பட்டியலுக்கு போச்சுன்னு ஆன்லைன்ல மனப்பாடம் பண்ணியிருந்தேன், காட்டை ஒட்டி வீடு இருக்குற கூடலூர் பசங்க அது என்ன மாத்துச்சுன்னு கிளாஸ்ல பேசுனப்பதான் அந்த வரிக்கு உயிர் வந்துச்சு.

ரெண்டாவது கிளாஸ் முழுக்க வார்த்தைங்க. அரசு, அரசாங்கம், நாடு, தேசம். நாம எல்லாத்தையும் ஒண்ணா போட்டு கலக்குறோம்னு டீச்சர் சொன்னாங்க, அது உண்மைதான். பாடப் புத்தகத்துல அரசுன்னா நிலைச்சு நிக்கிற அமைப்பு, அதுக்கு நாலு உறுப்பு: மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை. 1933 மான்டிவிடியோ ஒப்பந்தத்துலயும் நாலு சொல்றாங்க, ஆனா அங்க நாலாவதா மத்த நாடுகளோட உறவு வச்சுக்கிற திறன்னு இருக்கும், அதை தனியா குறிச்சுக்கணும். அரசாங்கம் அந்த நாலுல ஒண்ணு மட்டும், அது அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாறலாம், மாறுனாலும் அரசு அப்படியே இருக்கும். ஆனா நம்ம பஸ்ல, ஆஸ்பத்திரில, ஸ்கூல் சுவத்துல எல்லாம் 'அரசு'ன்னுதான் எழுதியிருக்கு, அங்க அது அரசாங்கத்தைத்தான் குறிக்குது. அதுக்கு மேல மாநிலத்துக்கும் இங்கிலீஷ்ல ஸ்டேட்டுன்னு சொல்றதால இன்னும் குழப்பம். தமிழ்நாடு ஒரு மாநிலம், ஆனா அரசியல் அறிவியல் சொல்ற அந்த முழு அர்த்தத்துல அரசு கிடையாது, ஏன்னா நாலாவது உறுப்பு, இறையாண்மை, நம்மகிட்ட தனியா இல்ல. 'மாநிலங்களின் ஒன்றியம்'னு அரசியலமைப்போட முதல் ஷரத்து சொல்றதுல இருக்குற கனம் எனக்கு அன்னிக்குதான் புரிஞ்சுது.

அதிகாரம்ங்கிற வார்த்தைக்கு ஒரு முழு கிளாஸ் எடுத்தாங்க, எனக்கு ரொம்ப புடிச்ச கிளாஸ் அது. எங்க பேட்சுல படுகர் பசங்க நாலஞ்சு பேர் இருக்காங்க. ஒரு தம்பிகிட்ட டீச்சர் கேட்டாங்க, "உங்க ஹட்டில ஒரு தகராறுன்னா முதல்ல யார்கிட்ட போவீங்க?" ஹட்டின்னா படுகர் ஊரு. அவன் ஊர்த் தலைவரான கௌடர்கிட்டன்னு சொன்னான். அவர் சொல்றத கேக்கலன்னா போலீஸ் வருமா? வராது. அப்பறம் ஏன் கேக்குறீங்க? "தாத்தா காலத்துல இருந்து கேக்குறோம் டீச்சர்." அங்க இருந்து மேக்ஸ் வெபர் சொன்ன மூணு வகைக்கு போனாங்க. வழிவழியா வர்ற அதிகாரம், ஒரு ஆளோட தனி ஈர்ப்பால வர்ற அதிகாரம், சட்டத்தால பதவியால வர்ற அதிகாரம். கௌடர் முதல் வகை, தாசில்தார் மூணாவது வகை, தாசில்தார் டிரான்ஸ்பர் ஆயிட்டா அந்த அதிகாரம் நாற்காலிலயே இருக்கும், அவர் கூட போகாது. ரெண்டாவது வகைக்கு உதாரணம் ஆளாளுக்கு ஒரு தலைவர் பேர் சொல்லி சண்டையே வந்துருச்சு. வெறும் பலம் வேற, செல்வாக்கு வேற, மக்கள் 'இவருக்கு சொல்ல உரிமை இருக்கு'ன்னு ஒத்துக்குற அதிகாரம் வேற, இத நான் எந்த வீடியோலயும் இவ்வளவு தெளிவா கேட்டதில்ல.

நீதிமன்றம் பத்தின கிளாஸ்தான் எல்லாரும் இந்த கிளாஸை தேடி வர்றதுக்கே காரணம்னு நெனக்கிறேன். நீதிப் புனராய்வு (ஒரு சட்டம் செல்லுமான்னு கோர்ட் பாக்குறது), அடிப்படைக் கட்டமைப்பு, ஒன்பதாவது அட்டவணை, இதெல்லாம் எங்கயோ டெல்லில நடந்த பெரிய விஷயம்னு இருந்தேன். அதுல முக்கியமான ஒண்ணு கிளம்புன இடம் நம்ம கூடலூர்! ஜென்ம நிலம்னு கூடலூர் பக்கம் எல்லாருக்கும் தெரியும், பரம்பரையா ஜென்மிங்க கையில இருந்த நிலம், நிலம்பூர் கோவிலகம்ங்கிற ராஜ குடும்பத்துக்கு சேந்தது. அந்த ஜென்மி முறைய ஒழிக்க தமிழ்நாடு 1969ல ஒரு சட்டம் போட்டுச்சு. அதுல காட்டு நிலத்தை அரசாங்கம் எடுத்துக்குற பகுதி செல்லாதுன்னு 1972ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. உடனே 1974ல 34வது திருத்தத்துல அந்த சட்டத்தை தூக்கி ஒன்பதாவது அட்டவணைக்குள்ள வச்சாங்க, அதுக்குள்ள போயிட்டா அடிப்படை உரிமைய மீறுதுன்னு கோர்ட்ல கேள்வி கேக்க முடியாதுங்கிறதுதான் அப்ப நெலம. அது சரியா தப்பான்னு போன கேஸ்தான் ஐ.ஆர். கொயல்ஹோ, 2007 ஜனவரில ஒன்பது நீதிபதிங்க சேந்து தீர்ப்பு சொன்னாங்க: அடிப்படைக் கட்டமைப்ப நாடாளுமன்றம் மாத்த முடியாதுன்னு சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்கு அப்புறம் ஒன்பதாவது அட்டவணைல வச்ச எந்த சட்டமா இருந்தாலும், அது அரசியலமைப்போட அடிப்படைக் கட்டமைப்ப உடைக்குதான்னு கோர்ட் பாக்கலாம்னு. நாடாளுமன்றத்தால கூட தாண்ட முடியாத கோடு ஒண்ணு இருக்குங்கிறத இந்தியா முழுக்க உறுதிப்படுத்துன கேஸு, நம்ம மலைல ஒரு காட்டு நிலத்துல இருந்து போயிருக்கு. கூடலூர்ல இருந்து வர்ற ஒரு அண்ணன் அந்த கிளாஸ் முடிஞ்சும் எந்திரிக்கல, அவங்க வீடே இன்னும் பட்டா இல்லாம அந்த மாதிரி நிலத்துலதான் இருக்கு.

நாடு முழுக்க காட்டு நிர்வாகத்தையே மாத்துன கோதவர்மன் கேஸும் இதே கூடலூர் நிலத்துல இருந்து போனதுதான், 1996 டிசம்பர் 12 உத்தரவு. ரெண்டையும் சேத்து படிச்சுக்கோங்க, பரீட்சைக்கும் உதவும். இன்னொரு சின்ன விஷயம், ஏப்ரல் 24ங்கிற தேதி ரெண்டு தடவை வரும், 1973ல கேசவானந்த பாரதி, 1993ல 73வது திருத்தம் அமலுக்கு வந்தது. டீச்சர் இத மட்டும்தான் மனப்பாடம் பண்ண சொன்னாங்க.

இ-பாஸ் பத்தின விவாதம் ஒரு வாரம் முழுக்க போச்சு. 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேணும்னு சொன்னது சென்னை உயர் நீதிமன்றம், நடைமுறைப்படுத்துறது கலெக்டர். 2025 சீசனுக்கு நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார கடைசில 8,000ன்னு வரம்பு வச்சாங்க. எங்க பேட்சுல டாக்ஸி ஓட்டுற ஒரு அண்ணன் இருக்காரு, அவருக்கு இது சோத்துப் பிரச்சனை, கோவத்தோடதான் பேசுனாரு. டீச்சர் அவரை அடக்கல, 19வது ஷரத்தை எடுத்து வச்சாங்க: நாட்டுக்குள்ள எங்கயும் போயிட்டு வர்ற உரிமை ஒரு உட்பிரிவுல இருக்கு, தொழில் செய்ற உரிமை இன்னொண்ணுல இருக்கு, ரெண்டுக்கும் பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம்னும் அதே ஷரத்து சொல்லுது. எதிர்ப்பக்கம் 21வது ஷரத்து, நல்ல சுற்றுச்சூழல்ல வாழ்ற உரிமையும் அதுக்குள்ள வரும்னு கோர்ட்டுங்க பல தடவை சொல்லியிருக்கு. அப்பறம், வண்டி எத்தனைன்னு எண்ணிக்கை வைக்கிறது கோர்ட் வேலையா நிர்வாகத்தோட வேலையான்னு ஒரு கேள்வி, அதிகாரப் பிரிவினை பத்தி மான்டெஸ்கியூ 1748ல எழுதுனது அங்க வந்து நின்னுச்சு. முடிவு சொல்லல அவங்க. எனக்கு கட்டுப்பாடு வேணும்னுதான் தோணுது, சீசன்ல ஆம்புலன்ஸ் பர்லியார் வளைவுல நிக்கிறத பாத்தவ நான். ஆனா அந்த அண்ணன் பேசுனதுல தப்பும் கண்டுபுடிக்க முடியல.

இப்ப நான் இந்த ரிவ்யூ எழுதவே காரணமான கிளாஸுக்கு வர்றேன். ஒன்பதாவது வாரம், குடியுரிமை. 5ல இருந்து 11 வரைக்கும் ஷரத்து, 1955 சட்டம், பிறப்பால, மரபுவழியா, பதிவால, இயல்புரிமையால, நிலப்பரப்பு சேர்றதால, அஞ்சு வழி, இதெல்லாம் அரை மணி நேரத்துல முடிச்சுட்டாங்க. அப்பறம் "யார் வீட்டுல சிலோன்ல இருந்து வந்தவங்க இருக்காங்க?"ன்னு கேட்டாங்க. பன்னெண்டு பேர் கை தூக்குனோம், முப்பத்தஞ்சு பேர்ல. சின்ன வயசுல ஸ்கூல்ல 'சிலோன்காரி'ன்னு கூப்பிடுவாங்க, அதனால கை தூக்குறதுக்கே கொஞ்சம் நேரமாச்சு எனக்கு.

எங்க அம்மாயி, அதாவது அம்மாவோட அம்மா, 1946ல ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்துல (லைன் வீட்டுல) பொறந்தவங்க. 1948ல சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்தப்ப அவங்களுக்கு ரெண்டு வயசு. அந்த சட்டத்துக்கு அப்பா அங்க பொறந்ததுக்கு, இல்லன்னா தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்க பொறந்ததுக்கு அத்தாட்சி வேணும், தோட்டத்துல வேலை பாத்தவங்ககிட்ட யார்கிட்ட இருக்கும் அதெல்லாம்? ஒரு கையெழுத்துல லட்சக்கணக்கான பேர் நாடில்லாதவங்க ஆயிட்டாங்க. 1947 தேர்தல்ல ஓட்டு போட்டு தங்களோட ஆளுங்கள அனுப்புன தோட்டத்து சனங்கள்ல பெரும்பாலானவங்க 1952 தேர்தல்ல பட்டியல்லயே இல்ல. 1964 அக்டோபர் 30ல சிலோன் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், கணக்குல எடுத்தது 9,75,000 பேர், இந்தியாவுக்கு 5,25,000, சிலோனுக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டு 1974ல ஆளுக்கு 75,000ன்னு பாதி பாதியா பிரிச்சாங்க. டீச்சர் இந்த நம்பரை போர்டுல எழுதிட்டு சாக்பீஸை கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா நின்னாங்க. இங்க அந்த சனங்களுக்காகவே 1968ல ஆரம்பிச்சதுதான் அரசு தேயிலைத் தோட்டம், நான் பொறந்த லைனும் அதுலதான் இருக்கு.

வீட்டுக்கு வந்து அம்மாயிகிட்ட கேட்டேன், அப்ப அரசுன்னா உங்களுக்கு என்னவா இருந்துச்சுன்னு. "தொரை இருந்தாரு, கங்காணி இருந்தாரு, போலீசு இருந்துச்சு புள்ள, எல்லாரும் எங்கள ஆளத்தான் செஞ்சாங்க, எங்க ஆளுங்கன்னு சொல்லத்தான் ஒருத்தரும் இல்ல"ன்னாங்க. ஆளப்படுறதும் குடிமக்களா இருக்குறதும் வேற வேறன்னு டீச்சர் ஒரு மணி நேரம் சொன்னத அம்மாயி அடுப்பாங்கரைல நின்னுக்கிட்டே சொல்லிட்டாங்க. பொட்டில இருந்து அவங்க பாஸ்போர்ட்டும் பேமிலி கார்டும் எடுத்து குடுத்தாங்க, பாஸ்போர்ட்டுல 1971ன்னு சீல் இருக்கு. ரெண்டு வயசுல கைவிட்டுப் போன நாடு இருபத்தஞ்சு வயசுல இன்னொரு நாடா கெடச்சிருக்கு. அதுக்கப்புறம் தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், கடைசில இந்த மலை.

அடுத்த வாரம் அத கொண்டு போனேன், டீச்சர் பாத்துட்டு அம்மாயிய கூட்டிட்டு வர முடியுமான்னு கேட்டாங்க. பதினோராவது வாரம் அம்மாயி வந்தாங்க, முதல் பெஞ்சுல சால்வைய போத்திக்கிட்டு உக்காந்தாங்க. அன்னிக்கு பாடம் சமூக ஒப்பந்தம், ஹாப்ஸ், லாக், ரூசோ. ஆளப்படுறவங்களோட ஒப்புதல்ல இருந்துதான் அரசாங்கத்துக்கு அதிகாரம் வருதுன்னு டீச்சர் லாக்கை சொல்லிக்கிட்டு இருந்தப்ப அம்மாயி கை தூக்கல, நேரா கேட்டாங்க, "அந்த ரெண்டு பேரு கையெழுத்து போட்டாங்களே, எங்கள யாரு கேட்டா?" டீச்சர் போர்டுல 'ஒப்புதல்'னு எழுதி அடில ரெண்டு கோடு போட்டாங்க, அன்னிக்கு மீதி கிளாஸ் அந்த ஒரு கேள்வில ஓடுச்சு.

குறைங்க இருக்கு, மறைக்க விரும்பல. கரண்ட் அபயர்ஸ் சுத்தமா இல்ல, அதுக்கு வேற வழிதான் பாக்கணும். 14 வாரத்துல டெஸ்ட் நாலே நாலு, அதுல ஒண்ணுல ரெண்டு கேள்விக்கு விடை தப்பா குடுத்திருந்தாங்க, சொன்னதும் திருத்திட்டாங்க. குரூப் 4 மாதிரி 200 கேள்விய 3 மணி நேரத்துல முடிக்கிற வேகம் இங்க வராது, வீட்டுல நீங்களே கடிகாரம் வச்சு பழகணும். விவாதம் இழுத்துக்கிட்டு போனா பாடம் நிக்கும், அவசரகால விதிங்க, நிதி ஆணையம், தேர்தல் ஆணையம் மூணையும் கடைசி வாரத்துல ஒரே மூச்சுல ஓட்டிட்டாங்க, எனக்கு நிதி ஆணையம் இன்னும் சரியா புரியல. உள்ளாட்சி நல்லா எடுத்தாங்க, ஆறு கிராம சபை நாள், 2025 ஜனவரில நம்ம மாவட்டத்து ஊராட்சிங்களோட பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர்ங்க கைக்கு போனது வரைக்கும். ரெக்கார்டிங் கிடையாது, ஒரு வாரம் விட்டா பக்கத்துல இருக்குறவங்க நோட்டுதான் கதி. ஆனா குடுத்த 1,500க்கு நான் இன்னொரு தடவை கூட கட்டிப் போவேன், தங்கச்சிய அடுத்த பேட்சுல சேத்தாச்சு.

பரீட்சைக்கு மூணு வாரம்தான் இருக்குன்னா இங்க சேராதீங்க, பழைய கேள்வித்தாள் போட்டுப் பாருங்க. ஆறு மாசம் கையில இருந்தா தாராளமா சேரலாம். கூடலூர், பந்தலூர்ல இருந்து வர்றவங்க முத நாள் ராத்திரியே குன்னூர்ல சொந்தக்காரங்க வீட்டுல தங்கிக்கிறாங்க, ஒம்போது மணி கிளாஸுக்கு காலைல கிளம்பி வந்து சேர முடியாது. ஹால்ல மரத் தரை, ஜூன் ஜூலைல கால் விறைச்சுப் போகும், ஸ்வெட்டரோட சாக்ஸும் போட்டுக்கோங்க, டீயும் வர்க்கியும் பத்தரைக்கு கீழ கடைல இருந்து வரும், அதுக்கு தனியா 20 ரூபா. கிழக்கு ஜன்னல் ஓரம் வெயில் விழுற பெஞ்சு ரெண்டுதான் இருக்கு, எட்டே முக்காலுக்குள்ள போனா கெடைக்கும்.